தெரிந்தும் செய்ய முடியாமல் போவது: செயலாட்சித் திறன் சிக்கலோடு வாழும் பெரியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈபி பில் கட்ட கைபேசியில் இரண்டு நிமிடம் போதும். கணக்கில் பணமும் இருக்கிறது. கட்ட வேண்டும் என்பது பத்து நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நிற்கும்போதுதான் கை நகர்கிறது. இப்படி ஒருமுறை நடந்தால் மறதி. பள்ளி நாளிலிருந்து எல்லா விஷயத்திலும் இப்படியே நடந்து, "புத்திசாலிதான், பொறுப்புதான் இல்லை" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்திருந்தால், அது வேறு விஷயம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

திட்டமிடுவது, தொடங்குவது, நேரத்தைக் கணிப்பது, பாதியில் விட்டதைப் பிடிப்பது, ஒன்றை நிறுத்திவிட்டு அடுத்ததற்கு மாறுவது, கோபத்தையும் ஆசையையும் ஒரு நொடி தள்ளிப்போடுவது ஆகியவற்றை மூளையின் செயலாட்சித் திறன்கள் என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிக்கும் அதோடு இணைந்த வலைப்பின்னல்களுக்கும் இதில் பெரிய பங்கு. ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்தோ தனியாகவோ வரும் மூளை வளர்ச்சி நிலை) உள்ளவர்களிடம் இந்தத் திறன்கள் பிறவியிலிருந்தே சீரற்று இயங்குகின்றன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளவர்களில் பலருக்கும் இதே சிக்கல் உண்டு. உலக அளவில் பெரியவர்களில் ஏறக்குறைய 2.5 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி இருப்பதாக ஆய்வுகள் கணிக்கின்றன. அதாவது 200 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் ஐந்து பேர் வரை இருக்கலாம்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக அழுத்திச் சொல்லும் கருத்து ஒன்று உண்டு. இந்தச் சிக்கல் உள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் தடை. அதனால் அறிவுரை உதவாது. வேலை நடக்க வேண்டிய இடத்தில், நடக்க வேண்டிய அந்த நொடியில் உதவி நிற்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவை. உங்களைத் திருத்தும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களைச் சுற்றி இருப்பவற்றை மாற்றத் தொடங்குங்கள்.

முதல் படி: இது என்ன என்று உறுதிசெய்யுங்கள்

நாற்பது வயது வரை ஒழுங்காக இருந்தவருக்குத் திடீரென மறதியும் குழப்பமும் வந்தால், அது இந்தக் கட்டுரை பேசும் விஷயம் இல்லை. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தசோகை, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, மனச்சோர்வு என்று பல காரணங்கள் இருக்கலாம். முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள்.

சிறு வயதிலிருந்தே இருப்பதுதான் என்றால் மனநல மருத்துவர். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 வரையறைப்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவுப் பட்டியலிலோ மிகைத்துடிப்புப் பட்டியலிலோ குறைந்தது ஐந்து அறிகுறிகள் இருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அது தெரிய வேண்டும். எனவே மருத்துவர் உங்கள் பள்ளிக் காலத்தைப் பற்றிக் கேட்பார். பழைய ரேங்க் கார்டு பரணில் கிடந்தால் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணை விட அதில் ஆசிரியர் எழுதிய வரிதான் முக்கியம். அம்மாவையோ அண்ணனையோ அக்காவையோ கேளுங்கள். "உங்க அப்பாவும் இப்படித்தான்டா" என்று பதில் வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது பரம்பரையாக வலுவாகத் தொடரும் ஒன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் படிவம் ஒன்று, ஏஎஸ்ஆர்எஸ் என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கிறது. மருத்துவரிடம் போகலாமா என்று முடிவெடுக்க அது போதும். அதை வைத்து நோயை நீங்களே தீர்மானிக்கக் கூடாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஓடி ஆடாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த பெண்பிள்ளையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அம்மா வீட்டு ஒழுங்கும் பள்ளிக்கூட மணியும் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கும். திருமணம், குழந்தை, வேலை, மாமியார் வீடு என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும்போதுதான் எதுவும் கையில் நிற்காமல் போகும். "எல்லாப் பொண்ணும் சமாளிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வியை வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் இதைப் படித்தால், முதல் வேலையாக ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் இந்தச் சிக்கல் கூடலாம். அதையும் மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டாம் படி: எங்கே அறுந்துபோகிறது என்று பாருங்கள்

"என்னால எதுவும் முடியல" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. செய்யாமல் விட்ட ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த இடத்தில் அறுந்தது? ஞாபகமே வரவில்லையா? ஞாபகம் வந்தும் தொடங்க முடியவில்லையா? தொடங்கிப் பாதியில் வேறொன்றுக்குப் போனீர்களா? நேரம் இருக்கிறது என்று நினைத்து ஏமாந்தீர்களா? அல்லது அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறதா?

இந்த ஐந்துக்கும் மருந்து வேறு வேறு. ஞாபகம் இருந்தும் தொடங்க முடியாதவருக்குப் பத்து அலாரம் வைத்தாலும் பயனில்லை. பத்தையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் உங்களைக் கவனித்தால் எது அடிக்கடி வருகிறது என்று புரிந்துவிடும். அதிலிருந்து தொடங்குங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகச் சரிசெய்யக் கிளம்பாதீர்கள்.

மூன்றாம் படி: ஞாபகத்தைத் தலைக்கு வெளியே வையுங்கள்

ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடியவை சராசரியாக நான்கு விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-இல் எழுதினார். அது எல்லோருக்குமான கணக்கு. உங்களுக்கு அதிலும் ஒன்றிரண்டு நழுவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே "ஞாபகம் வச்சுக்கறேன்" என்ற சொல்லையே விட்டுவிடுவது நல்லது.

நம் வீடுகளில் இதற்கு நல்ல பழக்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் கேஸ் வந்த தேதி, பால்காரர் வராத நாள், சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள் எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கி வைத்திருப்பார்கள். அது ஒரு தரமான அமைப்பு. பெரிய கட்டம் உள்ள காலண்டர், ஒரே இடம், நூலில் கட்டிய பேனா. கைபேசிச் செயலிகளை விட இதை நான் முதலில் பரிந்துரைப்பேன். காரணம், தேடிப் போகாமலே கண்ணில் படும். செயலியைத் திறந்தால் வழியில் வாட்ஸ்அப் இருக்கிறது.

வெளியே இருக்கும்போது தோன்றுவதைப் பிடிக்க ஒரே ஒரு இடம் வேண்டும். சட்டைப் பையில் சின்ன நோட்டு வைக்கலாம், அல்லது வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே குரல் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். எதுவானாலும் ஒன்றுதான். மூன்று இடத்தில் எழுதினால் எங்கே எழுதினோம் என்பதே புதிய வேலையாகிவிடும்.

பொருட்களுக்கும் இதே முறைதான். சாவி, பர்ஸ், அலுவலக அட்டை மூன்றுக்கும் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியும் ஒரு கிண்ணமும். நாளை எடுத்துப் போக வேண்டியதைச் செருப்பு மேலேயே வைத்துவிடுங்கள், தாண்டிப் போக முடியாது. மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துக் காபித்தூள் டப்பா பக்கத்தில் வையுங்கள். இந்தச் சிக்கல் உள்ள பலருக்கு மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது இல்லாததற்குச் சமம். வீடு அழகாக இருப்பதை விட, தேவையானது கண்ணில் படுவது முக்கியம்.

நான்காம் படி: நேரத்தைக் கண்ணால் பாருங்கள்

இந்த மூளைக்கு இரண்டே நேரம்தான்: இப்போது, அப்புறம். "அப்புறம்" என்பதற்குள் நாளையும் இருக்கிறது, அடுத்த ஆண்டும் இருக்கிறது.

முள் கடிகாரம் ஒன்றைக் குளியலறையிலிருந்து பார்த்தால் தெரியும்படி மாட்டுங்கள். எண் கடிகாரம் இப்போது மணி என்ன என்று மட்டும் சொல்லும். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை முள்தான் காட்டும். ஒன்பது மணிக்கு அலுவலகம் என்றால் அலாரத்தை ஒன்பதுக்கு வைக்காதீர்கள். கிளம்பும் நேரத்துக்கு ஒன்று, கிளம்பத் தயாராகும் நேரத்துக்கு ஒன்று. அலாரத்தின் பெயரில் வினைச்சொல் இருக்கட்டும்: "லேப்டாப்பை மூடு", "செருப்பைப் போடு".

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணிப்பில் எல்லா மனிதர்களும் தவறுகிறார்கள். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் நல்லபடி நடந்தால் எவ்வளவு ஆகும் என்றுதான் மனம் கணக்குப் போடும். இதற்கு மாற்று, போன முறை எவ்வளவு ஆனது என்று பார்ப்பது. அதை நினைவிலிருந்து எடுக்காமல், அடிக்கடி செய்யும் சில வேலைகளை ஒருமுறை கடிகாரம் பார்த்து அளந்து எழுதி வையுங்கள். குளித்துக் கிளம்ப எவ்வளவு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்ப எவ்வளவு என்று. பத்து நிமிடம் என்று நம்பியிருந்தது முப்பதாக இருக்கும்.

ஐந்தாம் படி: தொடங்குவது

இதுதான் பலருக்கும் பெரிய சுவர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சோம்பலாகத் தெரியும். ஆனால் சோம்பேறி சுகமாகப் படுத்திருப்பார். இவரோ நாற்காலியில் உட்கார்ந்தபடி, செய்ய வேண்டியதை நினைத்து நினைத்து மாலைக்குள் களைத்துப்போவார். வேலை செய்த களைப்பை விட அது கொடியது.

இந்த மூளையை எழுப்புவது முக்கியத்துவம் அல்ல. ஆர்வம், புதுமை, அவசரம், பக்கத்தில் ஒரு மனிதர் ஆகிய நான்கும்தான் எழுப்புகின்றன. கடைசி நேரத்தில் மட்டும் வேலை ஓடுவதற்குக் காரணம் அவசரம். அதை மட்டுமே நம்பி வாழ்ந்தால் உடம்பு தாங்காது. மற்றவற்றைப் பயன்படுத்தப் பழக வேண்டும்.

என் அனுபவத்தில் மிக நன்றாக வேலை செய்வது பக்கத்தில் ஒருவர் இருப்பது. அவர் உதவ வேண்டாம், கண்காணிக்கவும் வேண்டாம். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அருகே இருந்தால் போதும். வரிக் கணக்குக் காகிதங்களை அடுக்கும் நேரத்தில் மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் வேலை நகரும். நண்பரோடு வீடியோ அழைப்பைத் திறந்துவைத்து, இரண்டு பேரும் பேசாமல் அவரவர் வேலையைச் செய்யலாம். கல்லூரி நாளில் நூலகத்தில் மட்டும் படிக்க முடிந்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். பொது நூலகம் இப்போதும் திறந்துதான் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

இரண்டாவது, முன்கூட்டியே முடிச்சுப் போடுவது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் திட்டமிடுவதை ஆராய்ந்தார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே "செய்யணும்" என்று நினைப்பதைவிட இது தெளிவாகப் பலன் தருவது தெரிந்தது. "உடற்பயிற்சி செய்யணும்" என்பது ஆசை. "காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூவை மாட்டுவேன்" என்பது முடிச்சு. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு புதியதைக் கட்டுங்கள்.

மூன்றாவது, முதல் அசைவைச் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியதாக்குங்கள். "அறிக்கை எழுதுதல்" என்று பட்டியலில் இருந்தால் அது வேலை இல்லை, மலை. "கோப்பைத் திறந்து தேதியை அடிப்பது" என்று எழுதுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளவும் உங்களுக்கு அனுமதி உண்டு. பெரும்பாலும் நிறுத்த மாட்டீர்கள்.

25 நிமிடம் வேலை, மணி அடித்ததும் சிறு ஓய்வு என்ற பிரான்செஸ்கோ சிரில்லோவின் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடங்க முடியாதவர்களுக்கு அது நல்லது. ஒருமுறை மூழ்கிவிட்டால் வெளியே வர முடியாத வகையினர், மணி அடித்ததும் எழுந்தால் திரும்ப உட்காரவே மாட்டார்கள். நீங்கள் அந்த வகை என்றால் 25 நிமிடத்தைத் தொடங்க மட்டும் பயன்படுத்துங்கள். ஓட ஆரம்பித்தபின் மணியை விட்டுவிடலாம். ஆனால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் யாராவது வந்து தோளைத் தட்ட ஏற்பாடு இருக்கட்டும்.

ஆறாம் படி: பணமும் காகிதமும்

இந்தச் சிக்கலால் ஒவ்வோர் ஆண்டும் கையை விட்டுப் போகும் பணம் கொஞ்சமல்ல. தாமதக் கட்டணம், அபராதம், பயன்படுத்தாத சந்தா, வீட்டில் இருப்பது தெரியாமல் மறுபடி வாங்கியது என்று சேரும். எந்தக் கட்டணம் தானாகப் போக முடியுமோ அதையெல்லாம் தானாகப் போகவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான பெரும்பாலான தொடர் கட்டணங்கள், ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் போய்விடும். 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வரும். கடன் அட்டைக்குத் தானியங்கிக் கட்டணம் அமைக்கும்போது முழுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தபட்சத் தொகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்தால் வட்டி மெதுவாகத் தின்றுவிடும்.

ஈபி பில் ஏன் இவ்வளவு பேருக்குத் தவறுகிறது என்றால், தமிழ்நாட்டில் அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால்தான். மாதத் தாளத்தில் ஒட்டாது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. கணக்கெடுப்பவர் வந்த நாளிலேயே காலண்டரில் கெடு தேதியைப் போட்டுவிடுங்கள். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு மாதத் தவணை என்றால் 15 நாளும் மற்ற தவணைகளுக்கு 30 நாளும் சலுகை உண்டு. ஆனால் சலுகை நாளை உங்கள் கெடுவாக நினைக்க ஆரம்பித்தால் அதுவும் தவறும்.

சேமிப்புக்குப் பதிவு செய்யப்பட்ட சீட்டு ஒன்று நல்ல உதவி. தேதி வெளியிலிருந்து வருகிறது, கட்டாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. நல்ல வட்டி வரும் வேறு இடங்கள் இருக்கலாம். ஆனால் தானாக ஒழுங்காகப் போட முடியாதவருக்கு, போடவைக்கும் இடமே சிறந்த இடம்.

காகிதங்களுக்கு ஒரே பெட்டி. வகை வகையாகப் பிரிக்கும் கோப்புகளை வாங்காதீர்கள். வாங்கிய நாள் மட்டும் அழகாக இருக்கும். ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்சி இரண்டையும் அரசின் டிஜிலாக்கர் செயலியில், வழங்கப்பட்ட ஆவணங்கள் பகுதியில் எடுத்து வைத்துவிடுங்கள், சாலையில் அது செல்லும்.

ஏழாம் படி: வீட்டிலும் வேலையிலும் பேசுவது

"என்னங்க, பில் கட்டியாச்சா?" என்று தினமும் கேட்டுக் கேட்டு மனைவி அலுத்துப்போவார். கேள்வி வரும்போதெல்லாம் கணவர் எரிந்து விழுவார். இருவருக்கும் நியாயம் இருக்கிறது. ஞாபகப்படுத்தும் வேலையைத் துணைவரின் தலையில் கட்டினால் அவர் துணைவராக இருக்க முடியாது, கண்காணிப்பாளராகிவிடுவார். அதற்குப் பதில் வாரத்தில் ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை காபியோடு இருவரும் காலண்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த வாரத்துக்குரியதைப் பேசி, முடிந்ததை அங்கேயே முடித்துவிடுவது. மற்ற நாட்களில் கேள்வி கிடையாது.

வீட்டு வேலையைச் சரிபாதியாகப் பிரிப்பதை விட, யாருக்கு எது வருமோ அப்படிப் பிரியுங்கள். அவசரமும் அசைவும் உள்ள வேலைகள் இவருக்குச் சுலபம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறச் சொன்னால் பம்பரமாகச் சுழல்பவர், மாத மளிகைப் பட்டியல் போடச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாகப் பெயரிடப்படவில்லை. அதனால் சலுகையாகக் கேட்காமல் வேலை முறையாகக் கேட்பதுதான் நடைமுறைக்கு உதவும். "சார், இதுல எது முதல்ல வேணும், எப்போ வேணும்?" என்று கேளுங்கள். வாய்மொழியாக வந்ததை உடனே செய்தியாகத் திருப்பி அனுப்புங்கள்: "வியாழன் மாலைக்குள் முதல் வரைவு தருகிறேன், சரிதானே சார்?" அவர் "சரி" என்று போட்டதும் உங்கள் ஞாபகம் எழுத்தில் இருக்கும்.

எட்டாம் படி: மருந்தும் தூக்கமும்

ஏடிஹெச்டி உறுதியானால் மருந்து பற்றிய பேச்சு வரும். இந்தியாவில் முக்கியமாக இரண்டு: மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்செட்டின். முதலாவது சாப்பிட்ட அன்றே வேலை செய்யும். இரண்டாவது முழுப் பலன் தரப் பல வாரங்கள் எடுக்கும், ஊக்கி வகையைச் சேர்ந்ததல்ல. ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு இரண்டையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார்; இதயக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். மெத்தில்ஃபெனிடேட் 'எக்ஸ்' அட்டவணையில் உள்ள மருந்து. மருந்துச் சீட்டின் பிரதியைக் கடையே வைத்துக்கொள்ளும், எல்லாக் கடைகளிலும் இருக்காது. தீர்ந்த அன்று தேடினால் கிடைக்காது. ஒரு வாரம் முன்பாகவே காலண்டரில் வட்டம் போடுங்கள்.

மருந்து கவனத்தைத் தரும். அந்தக் கவனத்தை எதில் வைப்பது என்று சொல்லாது. அதற்கு மேலே சொன்ன ஏற்பாடுகளும், பெரியவர்களின் ஏடிஹெச்டிக்கென வடிவமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் வேண்டும். வேலூர் சிஎம்சி, பெங்களூர் நிம்ஹான்ஸ், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற இடங்களில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

தூக்கம் கெட்டால் மற்ற எல்லாப் படிகளும் சரியும். இந்தச் சிக்கல் உள்ளவர்களில் பலருக்கு உடல் கடிகாரமே தாமதமாக ஓடுவதால், இரவு பத்துக்கு மேல்தான் மூளை விழிக்கும். தூங்கும் நேரத்தை வற்புறுத்துவது கடினம். எழும் நேரத்தை ஒன்றாக வைத்து, எழுந்ததும் மொட்டைமாடி வெயிலில் நில்லுங்கள். கைபேசி சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே மாட்டுங்கள்.

ஆண்டுக்கணக்கில் திட்டு வாங்கியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே இருப்பது மிகச் சாதாரணம். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மனஸ். இலவசம், நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

ஒன்பதாம் படி: அமைப்பு சரியும்போது

காய்ச்சல், ஊர்த் திருவிழா, தீபாவளி, வீடு மாறுவது என்று ஏதாவது ஒன்றில் எல்லாம் கலைந்துபோகும். நன்றாக ஓடிய முறையே சில மாதங்களில் சலித்து, கண்ணுக்குத் தெரியாமல் போகும். இது நடக்கும் என்று முன்பே எதிர்பாருங்கள். காலண்டரின் பின்பக்கத்தில் இப்போதே ஒரு சிறு பட்டியல் எழுதி வையுங்கள்: மருந்து இருக்கிறதா, கெடு தாண்டிய கட்டணம் எது, துவைத்த துணி இருக்கிறதா, யார் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், நாளை காலை எங்கே போக வேண்டும். கலைந்த பிறகு திரும்பி வரும் நாளில் இந்த ஐந்தை மட்டும் பாருங்கள்.

குவிந்து கிடப்பதில் அபராதம் உள்ளதை முதலில் எடுங்கள். அடுத்தது ஒரு மனிதர் காத்திருப்பது. மீதியில் பாதியை அழித்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வாரக்கணக்கில் பதில் போடாத நண்பருக்கு நீண்ட விளக்கம் எழுத உட்கார்ந்தால் இன்னும் ஒரு மாதம் ஓடும். "தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. எப்படி இருக்க?" என்று மட்டும் எழுதி, இப்போதே அனுப்புங்கள்.